கோத்தகிரி மலைக்கு 34 பல் கேசட்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரியும். ஒன்று கல்லாறு வழியாகக் குன்னூருக்கு, இன்னொன்று கோத்தகிரிக்கு. போன வருடம் ஜனவரியில் அந்தக் கோத்தகிரிச் சாலையில் ஏறி, கோத்தகிரிக்கு முன்னால் வரும் அரவேணுவைக் கண்ணால் பார்க்காமலேயே இறங்கினேன். 300 கி.மீ. பி.ஆர்.எம். அது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். சமவெளியில் 140 கி.மீ. சிரமமில்லாமல் ஓட்டி வந்தவனுக்கு, குஞ்சப்பனைக்கு மேலே வலது முட்டிக்குள் யாரோ திருப்புளி வைத்துத் திருகுவது போல இருந்தது. சாலையோரத் திண்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். கேரட் மூட்டை ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர் சைக்கிளை மூட்டைகளின் மேல் படுக்க வைத்து, என்னை முன்னால் ஏற்றிக்கொண்டார். மேட்டுப்பாளையம் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இந்த ஜனவரியில் அதே பாதை, அதே சைக்கிள், அதே முட்டி. முடித்துவிட்டேன். 18 மணி 50 நிமிடம். பயிற்சி கூடியது உண்மைதான். ஆனால் சைக்கிளில் முக்கியமாக மாறியது ஒன்றுதான். பின்சக்கரத்தில் இருந்த 12-28 கேசட்டைக் கழற்றிவிட்டு 11-34 போட்டேன். கேசட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரங்களின் அடுக்கு; 11-34 என்றால் மிகச் சின்னதில் 11 பல், மிகப் பெரியதில் 34 பல். '34 பல்' என்று நான் சொல்வது அந்த 34 பல் உள்ள சக்கரத்தைத்தான். மலைப்பாதை பி.ஆர்.எம்.-க்குத் தயாராகிறவர்கள் புது சக்கரம் வாங்கலாமா, எடை குறைந்த சீட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் இதை வாங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் கியர் வெட்டுகிறேன். ஹாப்பிங் மெஷினில் 22 வருடம். ஓட்டும் சக்கரத்துக்கு எத்தனை பல், ஓடும் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று சொன்னால் விகிதம் மனதில் தானாக ஓடும். அப்படியிருந்தும் என் சைக்கிளுக்கு அந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டது, தோற்றுத் திரும்பிய அந்த வாரத்தில்தான். அந்தக் கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் பொருள் நல்லதா இல்லையா என்பதைவிட அது உங்களுக்குத் தேவையா என்பதுதான் முதல் கேள்வி.

என் சைக்கிளில் இருப்பது ஷிமானோ டியாக்ரா 4700 கியர் தொகுப்பு, பின்னால் 10 ஸ்பீட், அதாவது பத்துப் பல்சக்கரம். முன்னால் இரண்டு தட்டு: 50 பல், 34 பல். சின்னத் தட்டில் செயினைப் போட்டு, பின்னால் பெரிய பல்லான 28-க்கு வந்தால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 1.21 சுற்று சுற்றும். 700x28 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.14 மீட்டர். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு 2.6 மீட்டர் முன்னேற வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் ஒன்றுக்கு ஒன்று. 2.14 மீட்டர் போதும்.

மலையில் நான் போகும் வேகம் மணிக்கு 8 கி.மீ. என்று வையுங்கள். 28 பல்லில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 51 சுற்று. 34 பல்லில் 62. கொண்டை ஊசி வளைவில் வேகம் 7 கி.மீ.-க்கு விழுந்தால் 45-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம். 45 சுற்றில் ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது போல. அப்படி ஆயிரக்கணக்கில் மிதித்தால் எந்த முட்டி தாங்கும்?

என் எடையும் சைக்கிள், தண்ணீர், பை எல்லாமும் சேர்த்து 88 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில் 8 கி.மீ. வேகத்தில் போக 165 வாட் போல வேண்டும். எந்தப் பல்லில் போனாலும் மலை அதே 165 வாட்டைத்தான் கேட்கும். கேசட் மாற்றியதால் மலை சுலபமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாறுவது ஒரு மிதிக்குக் கொடுக்கும் அழுத்தம். அது 18 சதவீதம் குறைகிறது. அதே வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கிச் செய்கிறோம். முட்டிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதைக் 'கிரானி கியர்', அதாவது பாட்டி கியர் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் நீலகிரி மலை ரயிலைத்தான் சொல்வேன். கல்லாறு வரைக்கும் சாதாரண ரயில் போல வரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வரிசை ஓடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். அங்கே செங்குத்தான இடத்தில் 12.5 அடிக்கு ஒரு அடி ஏற்றம், அதாவது 8 சதவீதம். நூறு வருடத்துக்கு மேலாக இன்ஜினே பல்லை வைத்து மெதுவாகத்தான் அந்த மலையை ஏறுகிறது. நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சரி, பொருளுக்கு வருகிறேன். வாங்கியது ஷிமானோ சி.எஸ்.-எச்.ஜி.500-10, 11-34. பெட்டியைத் திறந்ததும் என் தொழில் புத்தியில் முதலில் பல்லைத்தான் பார்த்தேன். எல்லாப் பல்லும் ஒரே வடிவில் இருக்காது. சில பற்களின் பக்கவாட்டில் சரிவு வெட்டியிருப்பார்கள், சிலவற்றின் தலை கொஞ்சம் குட்டையாக இருக்கும். செயின் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது அந்தச் சரிவு அதை ஏந்திக் கொடுக்கும். கையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இப்படி ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாக யோசித்து வெட்டும் வேலை எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். பழைய 12-28-ஐவிடக் கனம்தான், கையில் எடுத்தாலே தெரியும். அந்தக் கனத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் எடை அது.

எல்லோரும் கேட்கும் கேள்வி: 34 போட்டால் சமவெளியில் கியருக்குக் கியர் இடைவெளி அதிகமாகி, கால் தாளம் தப்பாதா? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பற்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் பயம் போய்விடும். பழையது: 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. புதியது: 11, 13, 15, 17, 19, 21, 23, 26, 30, 34. நடுவில் இருக்கும் 15 முதல் 23 வரை இரண்டிலும் ஒன்றேதான்! நான் இழந்தது 12, 14 என்ற இரண்டு வேகப் பற்களை. 50 பல் தட்டில் 14-ல் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 36 கி.மீ.-க்கு மேல் வரும். 300 கி.மீ. பயணத்தில் நான் அந்த வேகத்தை இறக்கத்தில் மட்டும்தான் பார்ப்பேன், இறக்கத்தில் மிதிக்கவே மாட்டேன். என் அன்றாட வேகமான 25, 27 கி.மீ. எல்லாம் 19-லும் 21-லும் அடங்கிவிடும். அந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஆடி மாதம் வாளையார் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து மார்பில் கை வைத்துத் தள்ளும். அந்தக் காற்றில் பழைய கேசட்டுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. குழுவாக 35, 38 கி.மீ. வேகத்தில் பறக்கிறவர்களுக்குக் கட்டாயம் தெரியும். 13-லிருந்து 15-க்கு ஒரே தாவல், நடுவில் 14 இல்லை. அவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போய் வருகிறவர்களுக்கும் இது தேவையில்லை.

இனி நான் பட்ட கஷ்டம். இதை வாங்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கேசட்டை எடுத்துக்கொண்டு முதலில் நகரத்தில் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். என் பின் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கை, குட்டைக் கை வகை. அதற்கு அதிகபட்சம் 28 பல்தான் என்று தயாரிப்பாளர் குறிப்பிலேயே இருக்கிறது. கடையில் கேட்டேன். "அதெல்லாம் ஓடும் சார், ஸ்க்ரூவை உள்ள தள்ளினா போதும்" என்றார்கள். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிக் காட்டினார்கள், சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆனைகட்டி ஏற்றத்தில் 34-க்குப் போட்டதும் டீரெய்லரின் மேல் உருளை கேசட்டில் உரசிக் கரகரவென்று ஒரே சத்தம். பட்டறையில் அந்தச் சத்தம் வந்தால் மெஷினை உடனே நிறுத்திவிடுவோம். நானும் நிறுத்தினேன். 30-க்கு இறக்கிப் போட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு நண்பர் ஒருவர் சொல்லி, சிங்காநல்லூர்ப் பக்கம் தனியாக சைக்கிள் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். வீட்டு முன்வாசலில்தான் பட்டறை. அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. செயினைக் கையால் எடுத்து முன்னால் பெரிய தட்டு, பின்னால் பெரிய பல் இரண்டிலும் மாட்டிக் காட்டினார்.

"பாருங்கண்ணா, செயினு கம்பி மாதிரி நிக்குது. ரோட்டுல மறந்தாப்புல இந்தக் கியர் போட்டீங்கன்னா, டீரெய்லர், அதை மாட்டியிருக்கிற ஹேங்கரோட பிச்சுக்கிட்டுப் போயிருமுங்க."

"அப்ப என்ன பண்றதுங்க தம்பி?"

"நீளக் கை டீரெய்லர் வேணுங்க. செயினும் புதுசு. கேபிளும் மாத்திரலாமுங்க. இல்லீன்னா பழைய கேசட்டையே போட்டுக்குங்க, காசு மிச்சம்."

பழையதையே போடுங்கள் என்று சொல்லக்கூடிய ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. காரணத்தையும் விளக்கினார். முன் தட்டுகளின் வித்தியாசம் 16 பல். பின்னால் 34-க்கும் 11-க்கும் வித்தியாசம் 23. ஆக 39 பல் அளவுக்கான தளர்ச்சியை டீரெய்லரின் கை இழுத்துப் பிடிக்க வேண்டும். 12-28-ல் அது 32-ஆக இருந்தது. குட்டைக் கைக்கு எட்டாத தூரம் இது. ஆர்.டி.-4700 ஜி.எஸ். என்ற நீளக் கை வகை 34 பல் வரை எடுக்கும். அதையே வரவழைத்தோம், பத்து நாள் ஆனது. வந்த அன்று அவர் முதலில் ஹேங்கரை அளவு பார்த்து நிமிர்த்தினார், லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. கேசட்டின் பூட்டு வளையத்தை டார்க் ரென்ச்சில் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார். செயினை முன்னால் பெரிய தட்டிலும் பின்னால் பெரிய பல்லிலும் சுற்றி அளந்து வெட்டினார். கேசட், டீரெய்லர், செயின், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

அதனால் கடையில் கேசட்டை மட்டும் விலை விசாரிக்காதீர்கள். உங்கள் டீரெய்லர் எத்தனை பல் வரை எடுக்கும் என்று அதன் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு மொத்தச் செலவையும் கணக்குப் போடுங்கள். போட்டியா பயணமா எதுவானாலும், அதற்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். புதுக் கேபிள் முதல் இருநூறு கி.மீ.-க்குள் கொஞ்சம் இளகும், மறுபடி சரிசெய்ய வேண்டும். கேபிளுக்குச் சில நாள் போதும். உங்கள் கால்களுக்குத்தான் மாதங்கள் ஆகும்.

இது நான் எதிர்பார்க்காத விஷயம். 34 போட்ட முதல் மாதம் நான் முன்பைவிட மெதுவாக ஏறினேன். பெடல் இலகுவாகச் சுற்றுகிறது என்றதும் கால் சோம்பேறியாகி அதே 50 சுற்றையே மிதித்தது. வேகம் 6 கி.மீ.-க்குப் போய், சைக்கிள் ஆட ஆரம்பித்தது. வேகமாகச் சுற்றினால் மூச்சு வாங்கியது. கால் சதைக்கு இறங்கும் பாரம் நெஞ்சுக்கு மாறுகிறது, அதற்கும் பழக வேண்டும். வாரநாளில் இரண்டு நாள் விடியற்காலை மருதமலை ஏற்றத்தில் ஏறி இறங்கினேன். கடிகாரம் பார்க்காமல் சுற்றை மட்டும் எண்ணிக்கொண்டு. ஞாயிறு ஆனைகட்டி. மாதம் ஒருமுறை கோத்தகிரி. ஆறு வாரம் கழித்துத்தான் 65 சுற்று தானாக வந்தது. அக்டோபரில் கோத்தகிரி 33 கி.மீ.-ஐ மூன்றரை மணி நேரத்தில், முட்டியை நினைக்காமலேயே ஏறினேன். மேலே போய் டீ குடிக்கும்போதுதான் முட்டி ஞாபகமே வந்தது.

வளைவில் ஒரு பாடம். நாம் இடதுபக்கம் ஏறுகிறோம். இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்விளிம்புதான் மிகச் செங்குத்து. பின்னால் வண்டி இல்லையென்றால் கொஞ்சம் விலகி அகலமாகத் திரும்பினால் ஏற்றம் குறையும். வண்டி இருந்தால் வளைவுக்கு முன்பே 34-க்கு வந்துவிட வேண்டும். வளைவுக்குள் போய், மிதியில் முழுப் பாரமும் இருக்கும்போது கியர் மாற்றினால் எவ்வளவு நல்ல பல்லாக இருந்தாலும் செயின் திணறும். அரைச் சுற்று மிதியை இலகுவாக்கி, கியரை மாற்றி, பிறகு அழுத்துங்கள்.

பி.ஆர்.எம். பற்றித் தெரியாதவர்களுக்கு: இது பந்தயம் கிடையாது. பாரிஸில் உள்ள ஓடாக்ஸ் க்ளப் பாரிசியனின் விதிப்படி நடக்கும் நெடும்பயணம். 200 கி.மீ.-க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. முதல் வந்தவருக்கும் கடைசி வந்தவருக்கும் ஒரே மரியாதை. ஆனால் வழியில் இருக்கும் கட்டுப்பாட்டு இடங்களுக்கும் நேரம் உண்டு, மணிக்கு 15 கி.மீ. கணக்கில் மூடிக்கொண்டே வரும். மலை என்று தனிச் சலுகை இல்லை. என் திட்டத்தின் முதுகெலும்பே இதுதான்.

அவிநாசி, சத்தி, சிறுமுகை வழியாகச் சுற்றி மேட்டுப்பாளையம் வரும்போது 140 கி.மீ. பிறகு கோத்தகிரி 173, ஊட்டி 202. அங்கிருந்து குன்னூர் வழியாக இறங்கி மறுபடி கோவை. தொடக்கம் காலை 4 மணி. மேட்டுப்பாளையத்துக்கு 10.20-க்கு வந்தால் மூன்று மணி நேரம் கையிருப்பு. கோத்தகிரி போய்ச் சேரும்போது அது 50 நிமிடமாகக் கரைந்திருக்கும். ஊட்டியில் 18 நிமிடம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800-க்குப் பக்கம், ஊட்டி 2,240. அதற்கு நடுவே தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டியாக வேண்டும். இந்த எண்களைச் சின்னச் சீட்டில் எழுதி, பாலிதீன் ஒட்டி, ஹேண்டில் தண்டில் கட்டிக்கொண்டேன். மூடும் நேரத்தை மட்டும் சிவப்பு மையில். போன வருடம் இப்படி ஒரு சீட்டு இல்லை. சமவெளியில் கிடைத்த நேரத்தை டீக்கடையில் செலவழித்துவிட்டு, மலையில் அதை ஈடுகட்ட அவசரமாக மிதித்தேன். முட்டி போனதற்கு 28 பல் பாதிக் காரணம், அந்த அவசரம் மீதி.

பயண நாள். சமவெளி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, 10.25-க்கு மேட்டுப்பாளையம். நான்கு இட்லி, தயிர்சாதம் ஒரு பொட்டலம். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர். 10.50-க்கு ஏற்றம் தொடங்கியது. உச்சி வெயிலில் அடிவாரம் கொதிக்கும், மரநிழல் வரும் வரைக்கும் பொறுமை வேண்டும். முதல் வளைவிலிருந்தே 34. போன வருடம் 'பெரிய பல்லைக் கடைசிக்கு மிச்சம் வைப்போம்' என்று 23-லும் 25-லும் மல்லுக்கட்டினேன். இந்த முறை அந்தத் தப்பைச் செய்யவில்லை. வாங்கிய பல்லை முதல் மீட்டரிலிருந்தே உபயோகித்தேன்.

34-ல் போவதால் கிடைத்த இன்னொரு நன்மையை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, ஒரு கையில் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சாப்பிட முடிந்தது. கனமாக மிதிக்கும்போது இரண்டு கையும் ஹேண்டிலை இழுக்கும், வாயில் ஒன்றும் இறங்காது. இந்த முறை அரைமணிக்கு ஒரு தடவை இரண்டு பேரீச்சையோ ஒரு கடலை மிட்டாயோ உள்ளே போய்க்கொண்டே இருந்தது. குஞ்சப்பனை தாண்டி, போன வருடம் உட்கார்ந்த அந்தத் திண்டு வந்தது. நிற்கவில்லை. ஆனால் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரி 2.45. கட்டுப்பாட்டு இடத்தில் முத்திரை, டீ, வர்க்கி, பத்து நிமிடம். கட்டபெட்டுக்கு அப்புறம் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை நகரும் வரைக்கும் நான்கு நிமிடம் நின்றேன், அந்த நான்கு நிமிடத்தைச் சீட்டில் கழித்துக்கொண்டேன். தொட்டபெட்டா சந்திப்பு வரை உள்ள ஏற்றம்தான் இந்தப் பாதையின் உண்மையான பரீட்சை. 190 கி.மீ. ஓட்டிய கால், 2,000 மீட்டருக்கு மேல் மெலிந்த காற்று, சாய்ந்துவிட்ட வெயில். வேகம் சில இடங்களில் 7-க்கு வந்தது. 28 பல்லாக இருந்திருந்தால் இறங்கித் தள்ளியிருப்பேன். ஊட்டி 5.14. மூடும் நேரம் 5.28.

இறங்கும்போது கேசட்டுக்கு வேலையில்லை, பிரேக்குக்குத்தான். என்னுடையது சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக், அதனால் முந்தைய வாரமே நான்கு பிரேக் கட்டையும் புதிது. தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காமல், விட்டு விட்டுப் பிடித்தேன். ஜனவரி மாலை ஊட்டியில் விரல் மரத்துப்போகும், முழுக் கையுறை இல்லாமல் போகாதீர்கள். பனியனுக்கும் காற்றுச்சட்டைக்கும் நடுவே ஒரு முழுச் செய்தித்தாளைச் செருகிக்கொண்டேன், குன்னூர் வரை நெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. குன்னூரில் இருட்டிவிட்டது. பர்லியாறுக்கும் கல்லாறுக்கும் நடுவே யானை நடமாட்டம் உண்டு என்பதால் மூன்று பேர் சேர்ந்து இறங்கினோம். முன்னால் இரண்டு விளக்கு, பின்னால் இரண்டு, பளபளக்கும் மேலங்கி. ஒளிரும் மேலங்கியை விதிக்காக மட்டும் போடுகிறோம் என்று நினைப்பவர்கள், அந்த வளைவுகளில் எதிரே வரும் பேருந்து ஓட்டுநரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கோவையில் கடைசி முத்திரை இரவு 10.50.

தேய்மானம் பற்றி. எட்டு மாதத்தில் 4,200 கி.மீ. ஓடியிருக்கிறது, பாதி மழையிலும் ஆனைகட்டிச் செம்மண்ணிலும். செயின் தேய்மானம் பார்க்கும் அளவியில் 0.5 சதவீத முனை இன்னும் உள்ளே இறங்கவில்லை. கேசட்டில் 17, 19, 21 மூன்றும் பளபளத்திருக்கின்றன, தேயவில்லை. 34 பல்லைப் பார்த்தால் நேற்று வாங்கியது போல இருக்கிறது. வருடத்தில் அதிகம் பயன்படாத பல் அது, ஆனாலும் அந்தப் பல்லுக்காகத்தான் மொத்தத்தையும் வாங்கினேன். செயினை 200 கி.மீ.-க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுகிறேன். செயின் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள், தேய்ந்த செயின் புதுப் பல்லைச் சாப்பிட்டுவிடும். எங்கள் பட்டறையில் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

34 எல்லோருக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். கூடாரம், சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறப்போகிறவருக்கு இதிலும் கீழே ஒரு கியர் வேண்டும். முன்னால் 46-30 பல் தட்டுகள் உள்ள கிராங்க் போட்டால் 30-க்கு 34, விகிதம் 0.88. அது தனிச் செலவு. பழைய மூன்று தட்டு கிராங்க் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிடாதீர்கள். 30 பல் தட்டில் 28 போட்டாலே 1.07 வந்துவிடும், உங்களுக்கு இந்தக் கேசட்டே தேவைப்படாமல் போகலாம். எடை 60 கிலோவுக்குள், வயது 25-க்குள், வாரம் மூன்று தடவை மலை ஏறுகிறவர் என்றால் 12-28-லேயே போகலாம். எனக்கு 46 வயது, நின்றுகொண்டே வேலை செய்கிறவன், 74 கிலோ. என்னைப் போன்றவர்களுக்கு, யோசிக்காமல் வாங்கலாம்.

பழைய 12-28 கேசட்டைக் கழுவி, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். தேய்மானம் குறைவுதான். சமவெளியில் மட்டும் ஓட்டுகிற 10 ஸ்பீட் சைக்கிள்காரர் யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன். மார்ச் மாதம் 400-க்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், அதில் இரண்டு மலை.